தேத்தண்ணி சிந்தாத வாள்

எங்கள் பிரதேச சபை வேலைத்தளத்தில் இப்போது போர்மனாக இருக்கும் தர்சினி போன கிழமை தொலைபேசி எடுத்தாள். ஓய்வு பெற்ற மனிதன் செய்கிற வேலையைத்தான் நான் அப்போது செய்துகொண்டிருந்தேன். தோடை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"துரையண்ணை, சபை புதுசா பற்றறி வாள் எடுக்கச் சொல்லியிருக்கு. சின்னதா, கையிலை தூக்கிக்கொண்டு போய் இரும்பு வெட்டுற வாள். கடைக்காரர் படம் படமா அனுப்பியிருக்கினம். எனக்கெண்டால் எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு. எதை எடுக்கிறது?"

தண்ணீர்க் குழாயை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டேன். வாளா! புதிய வாளா! நான் போட்ட சத்தத்தில் மனுசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆருக்கும் பிள்ளை பிறந்திட்டுதோ?" என்று கேட்டாள். கையைக் காட்டி அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தர்சினியிடம் தொடங்கினேன். அலகு, பல், பாரம், பற்றறி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனால், எதிர்ப்பக்கத்தில் மூச்சையே காணவில்லை.

"பிள்ளை, நிக்கிறியோ?"

"நிக்கிறன் அண்ணை. தலைதான் சுத்துது. நீங்கள் இதை எழுதித் தாங்கோ. ஆறுதலா வாசிக்கிறன்."

அதனால் எழுதுகிறேன். தோடை மரம் அன்றைக்கு அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டது.

நான் சபையில் சேர்ந்தபோது இரும்பு வெட்டுவதென்றால் கைவாள்தான். வில்லுப்போன்ற சட்டத்தில் மெல்லிய அலகைப் பூட்டி, முன்னும் பின்னும் இழுத்து அறுக்க வேண்டும். மானிப்பாயில் ஒரு கிணற்றுக்குள் இடுப்பில் கயிற்றோடு தொங்கி, துருப்பிடித்த பைப் ஒன்றை அறுத்திருக்கிறேன். மேலே ஏறி வந்தபோது சாப்பிடக் கை வாய்க்குப் போகவில்லை; அம்மாதான் குழைத்துத் தீத்தினார். அப்போது எனக்கு மீசை வந்துவிட்டது, வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு சண்டைக் காலம், கறண்டே இல்லாத வருடங்கள் வந்தன. ரோச் லைற்றுக்குப் போடும் பற்றறிகூடக் குடாநாட்டுக்குள் வரத் தடை. செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து, கொஞ்சம் உயிர் வந்ததும் ரேடியோவில் போட்டுச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் டைனமோவில் பாட்டுக் கேட்டோம். அப்படி வளர்ந்தவனின் கையில், பற்றறியில் ஓடி இரும்பையே வெட்டுகிற வாளைக் கொடுத்தால் அவன் துள்ளாமல் என்ன செய்வான்? சின்னப்பிள்ளைத்தனம் என்று தர்சினி சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

இடையில் கறண்ட் வந்தது, கிரைண்டரும் வந்தது. கிரைண்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வயர் வேண்டும். எங்கள் வேலை பாதி நேரமும் வயர் எட்டாத தெருவோரத்தில்தான். அதோடு அது பொறியை அள்ளி எறியும். ஒருமுறை ஒரு வீட்டுத் தென்னோலைக் கிடுகு வேலியில் பொறி பறந்து பற்றிக்கொண்டது. நெருப்பை அணைத்த தண்ணீரைவிட அந்த வீட்டு அம்மாவின் வாயிலிருந்து கொட்டியது அதிகம்.

இனி வதனி மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எனக்கு மேலே இருந்தவர், வயதில் இளையவர். குரல் அவ்வளவு மெல்லியது. அவர் கதைத்தால் வேலைத்தளத்தில் மெசின்களை நிற்பாட்டித்தான் கேட்க வேண்டும். கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் கீழே இறங்கும். ஆகவே மிஸ் சொல்வது காதில் விழவே இல்லையென்றால், எங்களுக்கு நடுக்கம் பிடித்துவிடும்.

முதன்முதலாகப் பற்றறி வாள் வாங்குவதென்று சபை முடிவெடுத்தபோது, நான் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸின் மேசைக்கு ஓடினேன். எனக்கு ஏற்கெனவே ஒன்றில் கண். ஆகப் பெரியது, ஆக வேகமானது. மிஸ் படத்தைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"படம் இரும்பு வெட்டாது, துரையண்ணை. கடைக்காரரைச் சாமானோடை இஞ்சை வரச் சொல்லுங்கோ. எங்கடை இரும்பை எங்கடை ஆக்கள் வெட்டிப் பாக்கட்டும்."

வந்தார்கள். மூன்று வகை வாள் வந்தது. ஒன்று வட்டவாள், பல் வைத்த வட்டத் தகடு சுழலும். அடுத்தது நீட்டிய அலகு முன்னும் பின்னும் ஓடுவது. பிடித்திருப்பவனின் பல்லும் சேர்ந்து ஆடியதால் அதற்கு உதறுவாள் என்று நாங்கள் பெயர் வைத்தோம். மூன்றாவது பட்டைவாள். மெல்லிய உருக்குப் பட்டை ஒன்று இரண்டு சின்னச் சக்கரச் சில்லுகளின்மேல் வளையமாக ஓடும். முன்பக்கத்தில் திறந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி. இரும்பை அந்த வாய்க்குள் விட்டால் தையல் மெசின் போலச் சத்தமிட்டுக்கொண்டு மெதுவாக அறுத்து இறங்கும். பார்த்தால் விளையாட்டுச் சாமான். நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வட்டவாளை நானே எடுத்து ஓடவிட்டேன். என்ன சொல்ல! தடித்த இரும்பு மூலைச் சட்டம் பப்பாப்பழம் மாதிரிப் போனது. நான் கையை உயர்த்திச் சத்தம் போட, கடைக்காரர் சிரிக்க, வேலைத்தளம் முழுக்கக் கைதட்டல்.

மிஸ் மட்டும் கைதட்டவில்லை. தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். எங்களுக்குத்தான் தரப் போகிறார் என்று நினைத்தோம். கண்ணாடிக் கிளாஸில் விளிம்பு முட்டப் பால் விடாத தேத்தண்ணி வந்தது. நீளமான பைப் ஒன்றின் ஒரு பக்கத்தை இரும்புப் பிடியான வைஸில் இறுக்கி, மறு நுனியில் உள்ளங்கை அளவு தகடு ஒட்டுவித்து, அந்தத் தகட்டின்மேல் கிளாஸை வைத்தார்.

"இப்ப வெட்டுங்கோ."

வட்டவாள் பைப்பில் தொட்டதும் கிளாஸ் ஒரு துள்ளுத் துள்ளியது. கால்வாசித் தேத்தண்ணி கீழே. கிளாஸைத் திரும்ப முட்ட நிரப்பி உதறுவாளை வைத்தோம். கிளாஸ் தகட்டின்மேல் நடந்து போய் விழுந்து உடைந்தது. சுடு தேத்தண்ணி முழுவதும் என் காற்சட்டையில். புதுக் கிளாஸ் வந்தது. பட்டைவாளை வைத்தோம். தேத்தண்ணியின் மேலே மெல்லிய வளையங்கள் ஓடின, அவ்வளவுதான். வெட்டுப் பாதிக்கு மேலே போனதும் மிஸ் வாளை நிற்பாட்டச் சொல்லி, கிளாஸை எடுத்து, நின்றபடியே குடித்தார்.

"மிஸ், வேகம் காணாதே!" என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. "வட்டவாள் நாலு வெட்டு வெட்டுற நேரத்திலை இது ஒண்டுதானே வெட்டுது?"

"நாங்கள் கடை வைச்சோ இரும்பு வெட்டுறம்? வீதியிலை, மதிலுக்குள்ளை, தண்ணிக் கானுக்குள்ளை வெட்டுறம். நீங்கள் ஒரு பக்கம் வெட்டேக்கை, இரும்பின்ரை மற்றப் பக்கத்தை ஆரோ ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். அவையின்ரை கையிலை என்ன நடக்குது எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் மற்றப் பக்கத்தைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். விரல் விறைத்துப் போய் இரவில் பால் பேணியை நழுவவிட்டிருக்கிறேன். ஆனால் வாள் வாங்கப் போகும் இடத்தில் அதை நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மிஸ் அதோடு விடவில்லை. ஏணியில் ஏறி ஒரு கையால் ஏணியையும் மறுகையால் வாளையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கையுறையோடு பற்றறி மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வோர் இரும்புக்கும் எந்தப் பல் என்று கடைக்காரரிடம் கேட்டார். தடித்ததுக்குப் பெரிய பல், மெல்லியதுக்குச் சின்னப் பல்; எப்போதும் மூன்று பல்லாவது இரும்பில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் கொளுவி உடையும். கடைசியாக, "உங்கடை துளைபோடுற மெசினும் இதே பற்றறியிலை ஓடுமோ?" என்றார். ஓடும் என்றார் கடைக்காரர். "அப்ப அதையும் இதோடை எடுப்பம். ரெண்டு சாமானுக்கு ரெண்டு சாதிப் பற்றறி எண்டால், வேணுமான நேரம் வேணுமானது கிடவாது."

பட்டைவாள் வந்தது. எங்கள் ஆட்கள் அன்றிலிருந்து அவருக்குத் தேத்தண்ணி மிஸ் என்று பெயர் வைத்தார்கள். வைத்தது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை.

அந்த வாளின் முதல் வேலை கொக்குவிலில் ஓர் ஆடு. மதில் வீட்டின் புதுக் கேற்றுக் கம்பிகளுக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் நின்றது. வீட்டுக்காரர் கேற்றுக்கு அழுதார், ஆட்டுக்காரி ஆட்டுக்கு அழுதாள். நான் ஆட்டின் காதுக்குப் பக்கத்தில் வாளை ஓடவிட்டேன். கம்பி அறுந்து விழும்வரை அந்த ஆடு ஆட்டுக்காரி நீட்டிய பலாக்குழையைத் தின்றபடியே நின்றது. வாள் நல்லதுதான் என்று அன்றைக்கு மனதுக்குள் ஒத்துக்கொண்டேன். மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

இனித்தான் தேர்க் கதை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்க்கிறது.

சுன்னாகத்துக்குக் கிட்ட ஓர் அம்மன் கோவில். தேர்த் திருவிழா. எங்கள் பக்கத்தில் தேரென்றால் காலையிலேயே கறண்ட் வேலைக்காரர் வந்து வீதியின் கறண்டை நிற்பாட்டி, குறுக்கே போகும் வயர்களைக் கழற்றிவிடுவார்கள். தேரின் முடி வயரில் தட்டக்கூடாது. தேர் வீதி சுற்றித் திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பகுதிக்கே கறண்ட். எங்கள் சபைக்கு வேலை, தண்ணீர் வண்டியும் வீதித் தடுப்பும். நான் சபையின் வான் வண்டியோடு நின்றேன். பட்டைவாளும் துளைபோடும் மெசினும் வானுக்குள் இருந்தன.

தேருக்குக் கட்டை போடுகிறவர் குலமண்ணை. வெங்காயத் தோட்டக்காரர், உரத்த குரல்காரர். வடத்தை எத்தனை பேர் இழுத்தாலும், தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது சில்லுக்குக் கீழே அவர் செருகும் மரக்கட்டையில்தான் இருக்கிறது. கட்டையைச் செருகுவதும் இழுப்பதும் அவருடைய வலது கை. அந்த ஆளைத் தவிர வேறு யாரையும் சில்லுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள்.

வடக்கு வீதிக்குத் திரும்பும் மூலையில் தேர் கட்டையில் ஏறி, ஒரு பக்கம் சரிந்து நின்றது. தேரின் முன்னால் பாயும் மரக் குதிரைகளைத் தாங்க அந்த வருடம் புதிதாக ஒரு தட்டை இரும்புச் சட்டம் பூட்டியிருந்தார்கள். நாலு விரல் அகலம். தேர் சரிந்ததில் சில்லின் நடுக் குடம் அந்தச் சட்டத்தை நெரித்தது. சட்டம் வில்லாக வளைந்து, கட்டையை இழுக்கப் போன குலமண்ணையின் வலது முன்கையைத் தேரின் அடி மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

நான் ஓடிப் போய்க் குனிந்து பார்த்தேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் சட்டம். விரல்கள் அப்போதே நிறம் மாறத் தொடங்கியிருந்தன. தேர் முன்னுக்குப் போனால் எலும்பு நொருங்கும். பின்னுக்குப் போனால் சில்லு கட்டையை விட்டு வழுகித் தேர் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜாக் வைத்தால் மணல் வீதியில் ஜாக்தான் இறங்கும். சட்டத்தின் திருகாணிகள் சில்லுக்குப் பின்னால், கழற்றும் சாவி போகாத இடத்தில்.

"துரை, உன்ரை முகத்தைப் பாத்தால் எனக்குப் பயமாக் கிடக்கு. தள்ளி நில்லு" என்றார் குலமண்ணை. வேர்வை கொட்டியது, குரல் மட்டும் குறையவில்லை.

அந்த நேரம்தான் மலரக்கா வந்தார்; குலமண்ணையின் மனைவி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவர் கையைக் கண்டதும் கோபுரத்தைப் பார்த்து, "அம்மாளாச்சீ! அரோகரா!" என்று அலறினார்.

அவர் கேட்டது காப்பாற்றச் சொல்லி. ஆனால் வடம் பிடித்து நின்றவர்களுக்குத் தேர் ஏன் நின்றது என்றே தெரியாது. எங்கள் ஊரில் நின்ற தேரைக் கிளப்ப ஒரே வழி, யாரோ ஒருவர் அரோகரா என்று தொடங்க, எல்லோரும் சேர்ந்து குரல் கொடுத்து இழுப்பது. முன்னாலிருந்து "அரோகரா!" என்று வீதி முழுக்கத் திருப்பிச் சொன்னது. இரண்டு வடமும் நிலத்தை விட்டு எழும்பி விறைத்தன.

சில்லு ஒரு விரலளவு அசைந்தது. குலமண்ணை கத்திய கத்தலை என்னால் எழுத முடியாது.

நாங்கள் நிற்பாட்டச் சொல்லிக் கத்தினோம். எங்கள் சத்தத்தையும் அரோகரா என்றே எடுத்திருப்பார்கள். ஒலிபெருக்கிக்குக் கறண்ட் இல்லை. அப்போதுதான் வதனி மிஸ்ஸைக் கண்டேன். அர்ச்சனைத் தட்டோடு, கூறைச் சிவப்பில் சேலை கட்டி, கும்பிட வந்திருந்தார். கத்தி ஒரு பயனும் இல்லையென்று அவருடைய குரல் அவருக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு நேரே தேரின் முன்னால் ஓடி, இரண்டு வடங்களுக்கும் நடுவில், கொதிக்கும் மணலில், எல்லோரையும் பார்த்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டி, இருங்கள் இருங்கள் என்று காட்டினார்.

ஒரு மனுசியை மிதித்துக்கொண்டு இழுக்க யாருக்கு மனம் வரும்? முன்வரிசை வடத்தை விட்டது. பெண்கள் வடத்தில் நின்றவர்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் நிலத்தில் இருந்தார்கள். பிறகு ஆண்கள். தேரின் மேலிருந்த குருக்களும் விளங்கிக்கொண்டு கையை அசைத்தார். பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீதி முழுவதும், வடத்தின் கடைசி நுனிவரை, ஆட்கள் நிலத்தில் இருந்துவிட்டார்கள். தேர்நாளில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கிரைண்டரோடு ஓடி வந்தார். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கறண்ட் எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பாவம். ஜெனரேற்றரை இழுத்து வரட்டுமா என்று இன்னொருவர் கேட்டார். மிஸ் மணலைத் தட்டியபடி வந்து, "வேண்டாம். மேலை முழுக்கச் சீலை, கற்பூரம். அதோடை கிரைண்டர் வைச்சால் சட்டம் சுடும், அவரின்ரை கை அதிலை ஒட்டிக் கிடக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "துரையண்ணை, பட்டைவாள் வானுக்குள்ளை கிடக்கோ?"

நான் வானுக்கு ஓடினேன்.

தேருக்கு அடியில் படுத்தேன். கையிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டும் இடத்தைத் தெரிந்தெடுத்தேன். அலகைப் பார்த்தேன், நடுத்தரப் பல், சட்டத்தின் தடிப்புக்குப் போதும். இங்கேதான் கவனம் வேண்டும், தர்சினி. வளைந்து நிற்கும் இரும்பை உட்பக்கத்திலிருந்து வெட்டினால் வெட்டின வாய் மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். வெளிப்பக்கம் இழுபட்டு நிற்கும், அங்கே வைத்தால் வாய் தானாகத் திறந்து கொடுக்கும். ஆனால் அறுந்து முடிகிற நொடியில் சட்டம் துள்ளும், துள்ளினால் கை போய்விடும். அதனால் முதலில் சட்டத்தைத் தேர் மரத்தோடு கயிற்றால் சுற்றிக் கட்டினேன். கைக்கும் வெட்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் துண்டைச் செருகினேன்.

மலரக்கா தேரின் பக்கத்தில் முழந்தாளில் இருந்து, "தம்பி, அந்தக் கைதான் எங்கடை வீடு. தெரியும்தானே?" என்றார்.

"தெரியும் அக்கா" என்றேன்.

"துரை, கையை விட்டிட்டு இரும்பை வெட்டு. ரெண்டும் ஒரே கறுப்பு, மாறிப்போடாதை" என்றார் குலமண்ணை.

மிஸ் குனிந்து உள்ளே வந்தார். அவர் கையில் தண்ணீர்ப் பந்தலிலிருந்து வாங்கி வந்த ஒரு சில்வர் பேணி, விளிம்பு முட்ட மோர். அதைக் குலமண்ணையின் கைக்குப் பக்கத்தில், சட்டம் முட்டி நின்ற அந்த அடி மரத்தின்மேலே வைத்தார். தேரின் கீழே இருட்டில் அந்த வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"கையைப் பாக்காதையுங்கோ. இதைப் பாத்து வெட்டுங்கோ. இது சிந்தக்கூடாது."

வாளை ஓடவிட்டேன். தையல் மெசின் சத்தம். அலகு இரும்பில் பதிந்தது. நான் அழுத்தவில்லை; வாளின் பாரத்தையே அழுத்தமாக விட்டேன். மோரின் மேலே வளையம் வளையமாக ஓடியது. சிந்தவில்லை. குலமண்ணை பல்லைக் கடித்திருந்தாரே தவிரச் சத்தம் போடவில்லை. இரும்புத் தூள் பொறியில்லாமல் மணலில் உதிர்ந்தது. அட, என்ன அழகாக இறங்கியது! அந்த நேரத்திலும் எனக்கு அந்த வாளில் ஒரு சந்தோசம் வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பாதிக்கு மேலே போனதும் சத்தம் இறங்கியது. இழுத்தது. நின்றது. பற்றறி முடிந்துவிட்டது.

"மற்றப் பற்றறி!" என்று கத்தினேன். எங்கள் சாரதி சந்திரன் கோவில் மடத்துக்கு ஓடினான். காலையில் அவன்தான் அதை மடத்துச் சுவரில் சார்ஜருக்குப் போட்டிருந்தான். திரும்பி வந்தவனின் முகம் வெளிறிக் கிடந்தது. வீதி முழுக்கக் கறண்டை நிற்பாட்டின நாளில், காலையிலிருந்து செத்த பிளக்கில் பற்றறி தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! கறண்ட் வேலைக்காரர் வயர் கழற்ற எங்கள் ஆட்கள்தான் ஏணி பிடித்தார்கள். பிடித்துவிட்டு வந்து சார்ஜருக்குப் போட்டிருக்கிறோம். எங்களை என்ன சொல்ல?

கட்டின கயிறு விண்ணென்று நின்றது. பாதி அறுந்த சட்டம் மெதுவாக முனகியது. மலரக்கா என் காலைப் பிடித்துக்கொண்டார்.

மிஸ் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு கீழே போயிருந்தது குரல். உதட்டைப் பார்த்துத்தான் விளங்கினேன்: துளைபோடுற மெசின்.

ஐயோ, அந்தப் பற்றறி! ஒரே சாதிப் பற்றறி! சந்திரன் வானுக்குப் பறந்தான். மெசினிலிருந்து கழற்றி, கைமாற்றிக் கைமாற்றி, இருந்தவர்களின் தலைகளுக்கு மேலால் அந்தப் பற்றறி என்னிடம் வந்தது. 'டக்' என்று பூட்டினேன். வாள் எழும்பிப் பாடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதபடியே வெட்டினேன். கண் மோர்ப் பேணியில்.

கடைசி நூலளவு இரும்பு இருக்கும்போது வாளை எடுத்துவிட்டு, கட்டின கயிற்றின் நுனியை நானும் சந்திரனும் பிடித்துக்கொண்டு, வானிலிருந்து வந்த கைவாளை மறுகையில் எடுத்து இரண்டு இழுவை இழுத்தேன். சட்டம் 'டங்' என்றது. கயிறு எங்கள் கையை எரித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. மலரக்கா கணவனின் கையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி வெளியே எடுத்தார்.

வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. குலமண்ணை அதை வேறு யாருடையதோ கை மாதிரிப் பார்த்தார். பெருவிரல் அசைந்தது. பிறகு சுட்டுவிரல். பிறகு எல்லாம். முன்னால் இருந்த கூட்டத்துக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், வீதி இடிந்து விழுவது போல "அரோகரா!" வந்தது. வடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"நாக்கு வறண்டு கிடக்கு" என்ற குலமண்ணை அந்த வலது கையையே நீட்டி மோர்ப் பேணியைப் பிடித்தார். வாய்க்குப் போகுமுன் பாதி மோர் அவருடைய நெஞ்சில் கொட்டியது. அவர் மிஸ்ஸைப் பார்த்தார்.

"இப்ப சிந்தலாம், அண்ணை" என்றார் மிஸ். அவர் கன்னம் நனைந்திருந்தது.

எலும்பில் ஒரு வெடிப்பு மட்டும்தான். வெங்காயம் நடுகிற காலத்துக்குக் கை வேலைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு நோயாளர் வண்டியில் ஏற்றினால், பின்கதவை மூட விடாமல் பிடித்துக்கொண்டு, தன் இடத்தில் நின்றவருக்கு, "இடப்பக்கம்! இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்!" என்று கத்திக் கத்தித் தேரை மூலை திருப்பிவிட்டுத்தான் போனார். அடுத்த வருடத் தேருக்கு அதே கைதான் கட்டை போட்டது. நான் நேரில் போய்ப் பார்த்தேன்.

தர்சினி, நீ கேட்டது எந்த வாள் என்று. இப்போது வருகிற வாள்களின் பெயரும் இலக்கமும் எனக்குத் தெரியாது. கடைக்காரரைச் சாமானோடு வேலைத்தளத்துக்குக் கூப்பிடு. வைஸில் நீளப் பைப்பை இறுக்கு. மறு நுனியில் கிளாஸை வை. வேகத்தைப் பற்றி அவர்கள் நிறையக் கதைப்பார்கள், கதைக்கட்டும். ஒன்றே ஒன்று: கிளாஸை விளிம்பு முட்ட நிரப்பு பிள்ளை. அரைக் கிளாஸ் எந்த வாளுக்கும் சிந்தாது.